ஸ்பீக்கரை மாத்துறதுக்கு முன்னாடி அது உட்கார்ந்திருக்கற இடத்தை மாத்துங்க

போன மாசம் ஒரு தம்பி கூப்பிட்டு "அண்ணே, சவுண்டு சப்புனு இருக்குண்ணே, ஸ்பீக்கரை வித்துட்டு வேற வாங்கிரலாம்னு இருக்கேன், எது எடுக்கலாம் சொல்லுங்க"ன்னான். எதையும் விக்காதடா, ஞாயித்துக்கெழமை வர்றேன்னு சொல்லிட்டுப் போய்ப் பார்த்தா ஒரு ஸ்பீக்கர் புத்தக அலமாரி மேல படுத்துக் கெடக்கு, இன்னொன்னு மூலையில தரையில நிக்குது, அதுக்கு முன்னாடி ஒரு பூந்தொட்டி வேற, ரெண்டும் ஒரே ஜோடின்னு யாராச்சும் சொன்னாத்தான் தெரியும். ஒரு கயிறு, ஒரு அளவு டேப், ஒரு கண்ணாடி, ஒரு மதியம், இவ்வளவுதான் செலவாச்சு. சாயங்காலம் அவன் நூறு தடவை கேட்ட பாட்டையே மறுபடி போட்டுட்டு "இதுல பின்னாடி வயலின் இருக்கறதே இப்பத்தான்ணே தெரியுது"ன்னு உட்கார்ந்துட்டான்.

அன்னிக்கு என்னென்ன பண்ணோமோ அதைத்தான் எழுதறேன். ஒன்னு மேல ஒன்னு நிக்கற வேலை இது, அதனால வரிசை மாத்தாம பண்ணுங்க.

வயர்ல ஆரம்பிங்க

ஸ்பீக்கர் பின்னாடி வயர் குத்துற டெர்மினல் செவப்பு ஒன்னு கறுப்பு ஒன்னு இருக்கும், ஸ்பீக்கரை ஓட்டுற ஆம்ப்லயும் (ஆம்ப்ளிஃபயர்) அதே மாதிரி, செவப்புல இருந்து செவப்புக்கு, கறுப்புல இருந்து கறுப்புக்கு, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. இதைப் போய் யாராச்சும் தப்பா குத்துவாங்களான்னு சிரிக்காதீங்க, நானே வீடு மாறினப்ப ஒரு பக்கம் மாத்திக் குத்திட்டு ஆறு மாசம் அப்படியே கேட்டிருக்கேன். ஆம்ப் மேல சந்தேகப்பட்டேன், புது வீட்டுச் சுவர் மேல சந்தேகப்பட்டேன், கடைசியில என் காது மேலயே சந்தேகம் வந்திருச்சு. ஒரு நாள் அம்மா வந்து சோஃபாவுல உட்கார்ந்தாங்க, ஒரு நிமிஷம் கேட்டுட்டு "என்னடா இது, பாடுறவரு நம்ம வீட்லயே இல்லையே"ன்னாங்க. அம்மாவுக்கு பேஸும் (கனமான கீழ் ஒலி) தெரியாது ட்ரெபிளும் (கூர்மையான மேல் ஒலி) தெரியாது, ஆனா கோளாறை ஒரே வரியில சொல்லிட்டாங்க, நான் எந்திரிச்சுப் போய்ப் பின்னாடி டார்ச் அடிச்சுப் பார்த்தா இடது பக்கம் செவப்புல கறுப்பு.

நடக்கறது என்னன்னா, ஒரு பக்க கோன், அதாவது ஸ்பீக்கர்ல அதிர்ற அந்தக் கூம்பு, வெளிய தள்ளுற நேரத்துல இன்னொரு பக்க கோன் உள்ள இழுக்குது, ஒன்னு தள்ளுன காத்தை இன்னொன்னு வாங்கிக்குது. 100 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் சுமார் 3.4 மீட்டர், ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல இருக்கறதே ரெண்டு மீட்டர்தான், அதனால கீழ் ஒலியெல்லாம் நீங்க உட்கார்ந்திருக்கற இடத்துல ஒன்னையொன்னு தின்னுட்டுப் போயிரும். மேல் ஒலி அப்படிப் போகாது, ஆனா நடுவுல கெட்டியா நிக்கவேண்டிய குரல் கலைஞ்சு காதைச் சுத்தி மெதக்கும்.

கண்டுபிடிக்கறது சுலபம். ஆம்ப்ல ரெண்டு பக்கத்துக்கும் ஒரே ஒலியை அனுப்புற மோனோ பட்டன் இருந்தா அமுக்குங்க, இல்லேன்னா ஒருத்தர் மட்டும் பேசுற ஏதாச்சும் பதிவைப் போடுங்க, செய்தி வாசிக்கறது போதும். ரெண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவுல ஒரு ஆள் நின்னு பேசுற மாதிரி வரணும். வரலையா, ஆம்பை ஆஃப் பண்ணிட்டு ஒரு பக்கம் மட்டும் வயரை மாத்திக் குத்துங்க, எதுல குரல் நடுவுக்கு வந்து பேஸும் ஏறுதோ அதுதான் சரி. நெறம் தெரியாத பழைய வயர்னா இன்னொரு வழி இருக்கு, ஸ்பீக்கரை ஆம்ப்ல இருந்து முழுசா கழட்டிட்டு வயரோட அந்த நுனியில ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுங்க, 'டப்'புனு வூஃபர் (பேஸ் குடுக்கற பெரிய கோன்) முன்னாடி வந்தா பேட்டரியோட ப்ளஸ் தொட்ட வயர்தான் செவப்புக்குப் போகணும், பின்னாடி போனா தலைகீழ். பேட்டரியைப் பிடிச்சுக்கிட்டே நிக்காதீங்க, தொட்டு எடுத்தா போதும்.

வயரோட தடிமனைப் பத்தி ஊர்ல ஆயிரம் கதை ஓடுது. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர்ல 5 மீட்டர் தூரம், போக வர 10 மீட்டர், அதோட ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.07 ஓம், உங்க ஸ்பீக்கர் 4 ஓம்னா கூட அதுல ரெண்டு சதவீதம் தேறாது. அதுக்கு மேல பாம்பு மாதிரி தடியா வயர் வாங்கறது அவங்கவங்க சந்தோஷம், நான் குறுக்க நிக்கல. ஆனா நுனியில ஒரே ஒரு இழை நீட்டிக்கிட்டு பக்கத்து டெர்மினலைத் தொட்டுச்சுன்னா ஆம்ப் ஷார்ட் ஆகும், அதைப் பார்க்கறது தடிமனைப் பார்க்கறதை விட நூறு மடங்கு முக்கியம்.

உட்கார்ற இடம்

எல்லாரும் ஸ்பீக்கரை வெச்சிட்டு அதுக்கு எதிர்ல சோஃபாவைப் போடறாங்க, நான் தலைகீழா சொல்வேன், மொதல்ல நீங்க எங்க உட்காரப் போறீங்கன்னு பாருங்க. பெரும்பாலான வீட்ல சோஃபா பின்சுவத்தோட ஒட்டி இருக்கும், அந்த இடத்துல பேஸ் வீங்கி வழியும், எல்லா பாட்டும் கொடத்துக்குள்ள தலையை விட்ட மாதிரி கேக்கும். சரின்னு ரூமுக்கு நட்டநடுவுல வந்து உட்கார்ந்தா அங்க நேர்மாறு, சில பேஸ் சுரம் காணாமலே போயிரும்.

ஒலி ஒரு செகண்டுக்கு சுமார் 343 மீட்டர் ஓடுது. உங்க ரூம் 4 மீட்டர் நீளம்னா 343ஐ அந்த நீளத்தோட ரெண்டு மடங்கால வகுங்க, 43 ஹெர்ட்ஸ் வரும், அதுதான் அந்த ரூமோட நீளவாக்குல முதல் ஒத்ததிர்வு. அந்த 43 ரெண்டு சுவரோரத்துலயும் உச்சத்துல இருக்கும், நடுவுல செத்துக் கெடக்கும். அகலத்துக்கு ஒன்னு, உயரத்துக்கு ஒன்னுன்னு இதே மாதிரி இருக்கு, அதோட ரெட்டிப்பு மூணு மடங்கெல்லாம் வேற. கணக்கு புடிக்கலைன்னா விட்டுருங்க, பின்சுவத்துல இருந்து ரூம் நீளத்துல மூணுல ஒரு பங்கு முன்னாடி வந்து உட்கார்ந்து பாருங்க, அதுதான் ஆரம்பப்புள்ளி, அங்க இருந்து ஒரு சாண் முன்ன, ஒரு சாண் பின்ன. அவ்வளவு தூரம் வர வழியே இல்லைன்னா தலைக்கும் சுவத்துக்கும் நடுவுல அரை மீட்டராச்சும் விடுங்க, அதுக்கே நல்ல வித்தியாசம் தெரியும்.

பேஸ் சரியா இருக்கான்னு பார்க்க நான் போடறது மிருதங்கம். தொப்பிப் பக்கம் (இடது பக்கம்) கும்கி குடுக்கறப்ப அந்த நாதம் கீழ இருந்து மேல வழுக்கிட்டு ஏறும் பாருங்க, நல்ல இடத்துல உட்கார்ந்தா அந்த வழுக்கல் முழுசா ஒரே சீரா கேக்கும், மோசமான இடத்துல நடுவுல ஒரு புள்ளியில மட்டும் 'பூம்'னு வீங்கும், இல்லேன்னா படிக்கட்டுல ஒரு படி இல்லாத மாதிரி காலு உள்ள போயிரும். எலக்ட்ரானிக் பீட்டை வெச்சு பேஸ் டெஸ்ட் பண்ணாதீங்க, அதுல பெரும்பாலும் ஒரே சுரம்தான் திரும்பத் திரும்ப அடிச்சிட்டு இருக்கும், ரூமோட லட்சணம் தெரியாது.

கயித்தால முக்கோணம்

உட்கார்ற இடம் முடிவாயிருச்சுன்னா இப்ப ஸ்பீக்கர். ரெண்டு ஸ்பீக்கர், உங்க தலை, இந்த மூணும் சம பக்க முக்கோணமா இருக்கணும், ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல 2 மீட்டர்னா உங்களுக்கும் ஒவ்வொன்னுக்கும் 2 மீட்டர், கொஞ்சம் கூடக்கொறைய இருந்தா தலை போகாது. ஆனா ஒன்னுல மட்டும் விட்டுக் குடுக்காதீங்க, இடது ஸ்பீக்கர்ல இருந்து தலைக்கு இருக்கற தூரமும் வலதுல இருந்து தலைக்கு இருக்கற தூரமும் அச்சு அசல் ஒன்னா இருக்கணும்.

ஏன் இவ்வளவு அடம்னு கேட்டா, 10 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தா ஒரு பக்க ஒலி 0.3 மில்லி செகண்ட் முந்தி வரும். இது என்ன பெரிய விஷயம்னு தோணும். நேர் பக்கவாட்டுல இருந்து வர்ற ஒலிக்கு ஒரு காதுக்கும் இன்னொரு காதுக்கும் இடையில வர்ற தாமதமே 0.6, 0.7 மில்லி செகண்ட்தான், அதை வெச்சுத்தான் மூளை திசையைக் கண்டுபிடிக்குது, அப்ப 0.3ன்னா பாதி தூரம் குரலை ஒரு பக்கமா இழுத்துட்டுப் போயிரும். ஆலன் ப்ளூம்லீன்னு ஒரு இங்கிலாந்து இன்ஜினியர் 1931ல ஸ்டீரியோவுக்கு பேட்டன்ட் மனு போட்டதே இந்த ரெண்டு காது விளையாட்டை வெச்சுத்தான், இல்லாத இடத்துல ஒரு ஆளை நிக்க வெக்கற வித்தை அது, அந்த ஆளு நிக்கணும்னா தூரம் சமமா இருந்தே ஆகணும்.

அளவு டேப்பை விட இதுக்குக் கயிறு நல்லது. நீங்க உட்கார்ந்து மூக்கு நுனியில கயித்தோட ஒரு முனையைப் பிடிங்க, வீட்ல ஒருத்தரைக் கூப்பிட்டு இன்னொரு முனையை இடது ட்வீட்டர் (மேல் ஒலி குடுக்கற அந்தச் சின்ன வட்டம்) கிட்ட கொண்டுபோகச் சொல்லுங்க, ட்வீட்டரைத் தொடாம, அங்க ஒரு முடிச்சு, அப்படியே கயித்தை வலது பக்கம் திருப்புங்க, முடிச்சு வலது ட்வீட்டருக்கு நேரா வர்ற வரைக்கும் அந்த ஸ்பீக்கரை நகர்த்துங்க. என் பொண்ணுதான் எனக்கு முடிச்சு போடுவா, "அப்பா மூக்கைத் தொங்கவிட்டு அளக்கறாரு"ன்னு கூட்டாளிங்க கிட்ட சொல்லிச் சிரிச்சிருக்கா, பரவால்ல, அளவு சரியா வருது.

உயரம் பத்தி ரெண்டு வரி. ட்வீட்டர் உங்க காது மட்டத்துல இருக்கணும், சோஃபாவுல உட்கார்ந்தா காது தரையில இருந்து சுமார் 90, 100 சென்டிமீட்டர்ல இருக்கும், அளந்து பாருங்க. சின்ன ஸ்பீக்கர்னா ஸ்டாண்டு வேணும், ஸ்டாண்டு இல்லைன்னா ஆடாத ஸ்டூல் போதும், அதுவும் இல்லைன்னா அடியில முன்பக்கமா ரப்பர் துண்டு வெச்சு மூஞ்சியை மேல பார்க்கத் தூக்கிவிடுங்க. படுக்க வெக்காதீங்க. வூஃபரும் ட்வீட்டரும் ஒலியைக் கை மாத்திக்கறது 2, 3 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல, அங்க அலை நீளம் ஒரு சாண் கூட இல்ல, படுக்க வெச்சா நீங்க தலையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டுனாலே ரெண்டுத்துக்கும் இடையில தூரம் மாறி அந்த இடத்துல ஒலி பள்ளமாகும், குரலோட தெளிவு இருக்கறதே அங்கதான். அலமாரிக்குள்ள உயரம் பத்தலைன்னுதான் எல்லாரும் படுக்க வெக்கறாங்க, எனக்கும் புரியுது, ஆனா அப்படி வெச்சுட்டு ஸ்பீக்கரைத் திட்டாதீங்க.

பின்சுவரு, மூலை, ஒரு சாண் கணக்கு

இதுலதான் பெரும்பாலான நேரம் போகும், போகட்டும், நல்லாத்தான் இருக்கும். ட்ரெபிள் டார்ச் லைட் மாதிரி முன்னாடி மட்டும் போகும், பேஸ் வெறும் பல்பு மாதிரி நாலா பக்கமும் பரவும், பின்னாடி போன பேஸ் சுவத்துல மோதித் திரும்பி வந்து நேரா போனதோட சேரும். ஸ்பீக்கரோட முன்முகத்துக்கும் அதுக்குப் பின்னாடி இருக்கற சுவத்துக்கும் உள்ள தூரத்தை நாலால பெருக்கி 343ஐ அதால வகுத்தா எந்த இடத்துல ரெண்டும் அடிச்சுக்கிட்டு சாகும்னு தெரிஞ்சிரும். 60 சென்டிமீட்டர்னா 143 ஹெர்ட்ஸ், ஒரு மீட்டர்னா 86. இந்த 86க்கும் 143க்கும் நடுவுலதான் ஆம்பளைக் குரலோட அடித்தளம் இருக்கு, அதனால "சுவத்துல இருந்து நல்லா முன்னாடி இழுங்க"ன்னு பொத்தாம்பொதுவா சொல்றது எனக்குப் புடிக்காது, இழுத்ததும் குரல் மெலிஞ்சு போச்சுன்னு பல பேரு திரும்பத் தள்ளி வெச்சிடறாங்க.

நான் பண்றது இது. மொதல்ல சுவத்தோட ஒட்டி, ஒரு சாண் இடைவெளியில வெச்சு ஒரு பாட்டு, பாதி நிமிஷம் போதும். பேஸ் நிறைய இருக்கும், குரல் சுவத்துல ஒட்டவெச்ச போஸ்டர் மாதிரி தட்டையா இருக்கும். அப்புறம் ஒரு சாண் முன்னாடி, அதே பாதி நிமிஷம். அப்புறம் இன்னொரு சாண். ஒவ்வொரு தடவையும் ரெண்டையும் சேர்த்து நகர்த்துங்க, தரையில பென்சிலால இல்ல டேப்பால ஒரு கோடு போட்டுக்கங்க. ஏதோ ஒரு கோட்டுல பேஸ் மெலியறதுக்கு முன்னாடி பாடுறவரு சுவத்தை விட்டு வெளிய வந்து நிப்பாரு, அந்தக் கோடுதான். அதுக்கப்புறம் சாண் கணக்கை விட்டுட்டு விரக்கடை கணக்குக்கு வாங்க.

மூலையில இருந்து எவ்வளவு தள்ளி வெக்கறீங்களோ அவ்வளவு நல்லது, மூலையில ரெண்டு சுவரும் தரையும் சேர்ந்து பேஸை ஊதிவிடும். பின்சுவத்துக்கு இருக்கற தூரமும் பக்கச் சுவத்துக்கு இருக்கற தூரமும் ஒரே அளவா இருக்க வேண்டாம், ரெண்டு பள்ளமும் ஒரே இடத்துல விழுந்து பெருசாகும்.

இழுக்கவே இடமில்லை, சுவத்தோடதான் வெக்கணும், அதுதான் நெறைய பேரு நெலமை. அப்ப ஸ்பீக்கர் பின்னாடி ஓட்டை இருந்தா, போர்ட்டுன்னு சொல்வாங்களே அது, அதுல ஒரு ஸ்பாஞ்சு துண்டையோ சுருட்டுன சாக்ஸையோ இறுக்கி வெச்சுப் பாருங்க. துவைச்ச சாக்ஸ். பேஸ் கொஞ்சம் இறங்கும், ஆனா கொழகொழப்பு போயி டைட்டா ஆகும். ஆம்ப்ல பேஸ் குமிழைக் கொஞ்சம் குறைக்கறதும் தப்பில்ல, டோன் கன்ட்ரோலைத் தொட்டா தீட்டுன்னு ஒரு கூட்டம் சொல்லும், கண்டுக்காதீங்க.

அப்புறம் திருப்பம். ஸ்பீக்கர் நேரா பார்க்கணுமா, உங்களைப் பார்த்துத் திரும்பணுமா? முழுசா உங்க மூஞ்சிக்குத் திருப்புனா நடுக்குரல் கூர்மையாகும், ட்ரெபிளும் கூடும், நேரா பார்க்க விட்டா ஒலி பரவி நிக்கற மேடை அகலமாகும், நடு கொஞ்சம் கரையும். ரெண்டு ஸ்பீக்கரும் பார்க்கற கோடு உங்க தோளுக்கு வெளிய போற அளவுக்குத் திருப்பி ஆரம்பிங்க. காதுல 'ஸ்ஸ்'ஸுனு குத்துதுன்னா வெளிய திருப்புங்க, சாதுவா மங்கலா இருந்தா உள்ள. இதுல சரி தப்பு கெடையாது, ரெண்டு பக்கமும் ஒரே கோணமா இருக்கணும், அவ்வளவுதான்.

கண்ணாடியும் கைதட்டும்

நீங்க உங்க இடத்துல உட்காருங்க, வீட்ல ஒருத்தர் ஒரு கண்ணாடியைப் பக்கச் சுவத்துல தட்டையா வெச்சு மெதுவா நகர்த்திட்டே வரட்டும், உங்களுக்குக் கண்ணாடியில ட்வீட்டர் எங்க தெரியுதோ அந்த இடத்துலதான் ஒலி மோதி உங்க காதுக்கு வருது. அந்த இடத்துல வெறும் சுவரோ கண்ணாடி ஜன்னலோ இருந்தா கனமான திரை போடுங்க, இல்ல புத்தக அலமாரியை அங்க நகர்த்துங்க, புத்தகம் ஒழுங்கா அடுக்காம முன்ன பின்ன இருந்தா இன்னும் நல்லது, நம்ம சோம்பேறித்தனத்துக்கு ஒரு மரியாதை கெடைக்கற ஒரே இடம் இது. ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவுல தரை மொழுமொழுன்னு இருந்தா ஒரு கம்பளம்.

ரூம் நடுவுல நின்னு ஒரு தடவை பலமா கை தட்டிப் பாருங்க, 'ட்ர்ர்ர்'னு ஸ்பிரிங் மாதிரி வால் விட்டுச்சுன்னா ரெண்டு எதிரெதிர் வெறும் சுவத்துக்கு நடுவுல ஒலி பந்தாடிட்டு இருக்குன்னு அர்த்தம், ஏதாச்சும் ஒரு சுவத்தை மறைச்சா போதும். சாமானை எல்லாம் காலி பண்ண வீட்டுல பேசிப் பார்த்திருப்பீங்க இல்ல, அதே கதைதான்.

ஆனா கம்பளமும் திரையும் பேஸை ஒன்னும் பண்ணாது. மூணு நாலு மீட்டர் நீள அலைக்கு அரை அங்குலத் துணி எம்மாத்திரம். முட்டை அட்டையைச் சுவர் பூரா ஒட்டுனா ஸ்டூடியோ ஆயிரும்னு ஒரு பழைய நம்பிக்கை இருக்கு, மேல் ஒலியில கொஞ்சூண்டு குடிக்கும், மத்தபடி தூசி சேரும், தீப்பிடிச்சா ஆபத்து, வேண்டாம். அதே மாதிரி எல்லாச் சுவத்துலயும் திரை போட்டு மூடிறாதீங்க, ட்ரெபிள் மட்டும் செத்து பேஸ் அப்படியே நிக்கும், ரூம் போர்வைக்குள்ள பேசுற மாதிரி ஆயிரும்.

சப்வூஃபர் வெச்சிருக்கறவங்களுக்கு மட்டும்

ரொம்பக் கீழ் ஒலிக்குன்னே இருக்கற தனிப்பெட்டிதான் சப்வூஃபர், அதைத் தூக்கி நீங்க உட்கார்ற இடத்துல, சோஃபா மேலயே வெச்சிருங்க. பேஸ் கோடு ஏறி இறங்கற ஒரு பாட்டைப் போட்டுட்டு ஸ்பீக்கர் பின்னாடி இருக்கற சுவத்து ஓரமா முட்டி போட்டுத் தவழ்ந்து போங்க, எந்த இடத்துல தலை இருக்கறப்ப எல்லா சுரமும் ஒரே அளவா கேக்குதோ அங்கதான் சப்பை வெக்கணும். கேட்க காமெடியா இருக்கும், ஆனா வேலை செய்யும், ஏன்னா கேக்கற இடத்தையும் ஒலிக்கற இடத்தையும் மாத்திப் போட்டாலும் ரூம் ஒரே மாதிரிதான் நடந்துக்கும். நான் தவழ்ந்துட்டு இருக்கறப்ப என் மனைவி ஆஃபீஸ்ல இருந்து வந்து கதவைத் திறந்தாங்க, ஒன்னும் கேக்கல, பையை வெச்சிட்டு நேரா உள்ள போயிட்டாங்க.

சப்புக்கும் ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரிச்சுக் குடுக்கற கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸ்ல வெச்சு ஆரம்பிங்க, அதுக்குக் கீழ திசை தெரியறது ரொம்பக் கம்மி, அதனால பேஸ் எந்த மூலையில இருந்து வருதுன்னு காட்டிக் குடுக்காது. சின்ன ஸ்பீக்கர்னா 100 வரைக்கும் ஏத்தலாம். சப் கோன் தள்ளுறதையும் இழுக்கறதையும் தலைகீழாக்கற ஃபேஸ் சுவிட்சை ரெண்டு பக்கமும் போட்டுப் பாருங்க, எதுல பேஸ் அதிகமா கேக்குதோ அதுல விடுங்க. சத்தத்தை, சப் இருக்கறதே தெரியல ஆனா ஆஃப் பண்ணா தெரியுதுங்கற அளவுக்கு வைங்க.

சத்தம், வாட்ஸ், ஏமாறுற காது

50 வாட்ஸ் ஆம்பைக் குடுத்துட்டு 100 வாட்ஸ் வாங்குனா ரெண்டு மடங்கு சத்தம் வரும்னு நெனைக்காதீங்க, 3 டெசிபல்தான் கூடும், கொஞ்சம் கூடுன மாதிரி இருக்கும், அவ்வளவுதான். காதுக்கு ரெண்டு மடங்காத் தெரியணும்னா சுமார் 10 டெசிபல், அதாவது 10 மடங்கு வாட்ஸ் வேணும். ஸ்பீக்கர் பின்னாடி 87 டெசிபல், 90 டெசிபல்னு சென்சிட்டிவிட்டி (ஒரே வாட்ஸ்ல எவ்வளவு சத்தம் வரும்ங்கற அளவு) போட்டிருப்பாங்களே, அந்த 3 டெசிபல் வித்தியாசம் ஒரு ஆம்பையே ரெட்டிப்பாக்குனதுக்குச் சமம், அதை யாரும் பார்க்கறதில்ல. சாதாரணமா கேக்கறப்ப பெரும்பாலான நேரம் ஒன்னு ரெண்டு வாட்ஸ் கூட ஓடாது. சின்ன ஆம்பை முழு வால்யூம்ல முக்க விட்டா அலையோட தலை வெட்டுப்பட்டு ட்வீட்டர் எரியும், பெரிய ஆம்பை விட சின்ன ஆம்ப் ஸ்பீக்கரைக் கொல்றது இப்படித்தான்.

ராத்திரி கம்மி சத்தத்துல கேட்டா பேஸே இல்லைன்னு தோணுறது ஸ்பீக்கர் தப்பு இல்ல. சத்தம் குறையக் குறைய நம்ம காதுக்குக் கீழ் ஒலி கேக்கறது வேகமா குறையும், ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 1933லயே இதை அளந்து வெச்சிட்டாங்க, பழைய ஆம்ப்ல இருக்கற லவுட்னஸ் பட்டன் அதுக்குத்தான். ராத்திரி போடுங்க, பகல்ல ஆஃப் பண்ணிருங்க.

இதுல இருந்தே இன்னொரு விஷயம், எதையாச்சும் ஒப்பிட்டுப் பார்க்கறப்ப, ஆம்போ வயரோ இடமோ எதுவானாலும், சத்தத்தைச் சமமா வைங்க. ஒரு டெசிபல் கூட இருந்தாலே மூளை அதைத்தான் "க்ளியரா இருக்கு"ன்னு சொல்லும், "சத்தமா இருக்கு"ன்னு சொல்லாது. நண்பருங்க கூடி உட்கார்ந்து பண்ற வாக்குவாதத்துல பாதி, ஒருத்தன் வால்யூமை ஒரு கோடு ஏத்தி வெச்சதால வந்ததுதான்.

காதுக்கும் ஒரு கணக்கு இருக்கு, 85 டெசிபல்ல எட்டு மணி நேரம்ங்கறது அமெரிக்காவோட வேலைத்தலப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான நையோஷ் வேலைத்தலங்களுக்குப் பரிந்துரைச்ச வரம்பு, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி, 91 போனா ரெண்டு மணி நேரம்தான். கேட்டு முடிச்சதும் காதுல 'ஙொய்ய்'னு வந்தா ஏற்கனவே தாண்டிட்டீங்க.

'உம்ம்ம்'னு பாட்டு இல்லாதப்பவும் ஸ்பீக்கர் முனகுனா, ஆம்ப்ல குத்தியிருக்கற எல்லாத்தையும் ஒவ்வொன்னா உருவுங்க, எதை உருவுனா நிக்குதோ அந்தப் பக்கம்தான் வில்லங்கம், பெரும்பாலும் டிவியோ கம்ப்யூட்டரோ. ஆம்பும் அதுவும் ஒரே பிளக் பலகையில இருந்து கரண்ட் எடுக்கற மாதிரி மாத்திப் பாருங்க. முனகல் போகுதேன்னு எர்த் பின்னை மட்டும் வெட்டிறாதீங்க, உயிர் போற விஷயம் அது.

குழந்தைங்க இருக்கற வீட்ல கிரில் துணியைக் கழட்டி அழகு பார்க்காதீங்க. என் பொண்ணு ரெண்டு வயசுல வூஃபர் நடுவுல இருக்கற மூடியைக் கட்டை விரலால அமுக்கி 'பொக்'குனு குழியாக்கிட்டு எங்களைப் பார்த்துச் சிரிச்சா. செல்லோ டேப்பை ஒட்டி மெதுவா இழுத்து வெளிய கொண்டுவந்தேன், ஒரு சின்ன மடிப்பு இன்னும் இருக்கு, சவுண்டுல ஒன்னும் தெரியல. ட்வீட்டர்னா இந்த வைத்தியம் ரொம்பப் பயம், விவரம் தெரிஞ்சவங்க கையில குடுங்க. பழைய ஸ்பீக்கர்ல கோனைச் சுத்தி ஃபோம் வளையம் இருந்தா விரலால லேசா தொட்டுப் பாருங்க, ஃபோம் வருஷம் ஆக ஆகத் தானா மக்கிப் பிசுபிசுன்னு உதிரும், வளையத்தை மட்டும் மாத்திக்கலாம், ஸ்பீக்கரைத் தூக்கிப் போட வேண்டியதில்ல. ரப்பர் வளையம்னா ரொம்ப நாள் தாங்கும்.

எல்லாம் முடிஞ்சதும் ஸ்பீக்கரோட நாலு மூலைக்கும் தரையில டேப் ஒட்டிருங்க. இடைஞ்சலா இருக்குன்னு வீட்ல சொன்னா ரெண்டு அடையாளம் போடுங்க, ஒன்னு கேக்கறப்ப இழுத்து வெக்க, ஒன்னு மத்த நேரம் சுவத்தோட தள்ளி வெக்க, எங்க வீட்ல இந்த ஒப்பந்தத்துலதான் நாலு வருஷமா ஓடுது. அந்தத் தம்பிக்கு டேப் ஒட்டச் சொல்ல நான் மறந்துட்டேன், பத்து நாள் கழிச்சு போன். "அண்ணே, நடுவுல நின்னு பாடிட்டு இருந்தவரு இடது பக்கமா போயிட்டாருண்ணே." வீடு கூட்டித் துடைச்சாங்களாடான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "கயித்தை எங்க வெச்சோம்ணே?"ன்னான்.